ரேடியோ விளம்பரப் பாட்டு



ஒரு சாமானை விற்பதற்குப் பாட்டு எதற்கு என்று நாம் எப்போதாவது யோசித்தோமா? அரிசிக்குப் படி இருக்கிறது; துணிக்கு முழம் இருக்கிறது; பொன்னுக்குத் தராசு இருக்கிறது. பாட்டுக்கு என்ன அளவு இருக்கிறது? அளந்து பார்க்க முடியாததனாலேயே வியாபாரி அதைத் தேடிப் போகிறான் என்பது நமது அபிப்பிராயம்.

அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரத்தில் 1926-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி, வீட்டீஸ் என்னும் கோதுமை அவலுக்காக நான்கு ஆண்கள் ரேடியோவில் பாடினார்கள். மெட்டு, ஜனங்களுக்கு முன்னமே பழக்கமான ஒரு பாட்டினுடையது. 1929-ல் விற்பனை போதாதென்று அச்சரக்கையே நிறுத்திவிட எண்ணிய கம்பெனியார் கணக்கைப் புரட்டினார்கள். விற்ற 53,000 பெட்டிகளில் 30,000 பெட்டிகள், பாட்டுக் கேட்ட அந்த வட்டாரத்திலேயே போயிருந்தன! சரக்கு எங்கும் ஒன்றுதான், ருசியும் ஒன்றுதான். பாட்டுத்தான் வித்தியாசம். அப்புறம் சும்மா இருப்பார்களா? தேசமெங்கும் பாட வைத்தார்கள்.

பிறகு ஆளுக்கேற்ற தூண்டிலும் வந்தது. 1940-ஐ ஒட்டிப் பெப்ஸி கம்பெனியார், பண முடையில் அடிபட்ட ஜனங்களைப் பார்த்து, 5 சென்டுக்கு 12 அவுன்ஸ் என்று ஒரு பழைய வேட்டைப் பாட்டு மெட்டில் பாடினார்கள். அதே காசுக்குக் கோகோ கோலா 6½ அவுன்ஸ்தான். 1944-ல் யுனைடெட் புரூட் கம்பெனியார் வாழைப்பழம் விற்க, வீட்டுப் பெண்களுக்காகப் பெண் குரலில் பாட வைத்தார்கள். பழம் எப்போது பக்குவம், குளிர்பெட்டியில் ஏன் வைக்கக்கூடாது என்கிற யோசனையும் அதில் இருந்தது. சிறுவர்களுக்கோ, 1933 முதல் ஜாக் ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் வீரப் பையன் கதை. கதைக்குச் செலவு செய்தது அதே கோதுமை அவல்!

ஆகவே ஏழைக்குக் காசுக் கணக்கு, தாய்க்குச் சமையல் யோசனை, பிள்ளைக்கு வீரம். இவை யாவும் பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. 12 அவுன்ஸ் என்றால் அளந்து பார்க்கலாம். ஆனால் அந்தச் சர்க்கரைத் தண்ணீர் உடம்புக்கு வேண்டுமா என்று பாட்டு சொல்லிற்றா? காசுக்கணக்கு அறியாத பிள்ளை எதை அளக்கும்?

நாமும் தப்பியவரல்ல. சில வருஷங்களுக்கு முன் ஒரு பல்பொடிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போய், விலைகூடக் கேளாமல் வாங்கி வந்தோம். “பழைய பொடிக்கு என்ன கேடு வந்தது?” என்று வீட்டில் கேட்டார்கள். நம்மிடம் பதில் இல்லை, மெட்டுத்தான் இருந்தது! பகுத்தறிவு பேசுகிற நமக்கே இந்தக் கதியென்றால், நாளெல்லாம் உழைத்துக் களைத்துப்போய்க் கேட்கிறவர்கள் கதி என்ன?

தோழர்களே! பாட்டைக் கேட்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நன்றாய்க் கேளுங்கள். கேட்ட பிறகு மெட்டை எடுத்துவிட்டு, வார்த்தையை மாத்திரம் வெறும் பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். எடை என்ன, விலை என்ன, நமக்கு வேண்டுமா என்று கேளுங்கள். அதற்கு மிஞ்சி எது நிற்கிறதோ, அதற்கு மாத்திரம் காசைக் கொடுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.