பெத்லகேமுக்குப் போன குறத்தி



இந்து சமயத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டுப் பேசுகிறவர்களில் ஒரு சாரார், 'எல்லாம் ஒன்றுதான்' என்று மேலோட்டமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். இன்னொரு சாரார் எது உயர்ந்தது என்று வழக்காடுவார்கள். இரண்டிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. இந்த இரண்டு சமயத்தாரும் தமிழில் எப்படிப் பாடித் தொழுதார்கள் என்று கூர்ந்து கேட்டால், எங்கே சேர்கிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். அதனால் இன்று தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். குறிப்பாகத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் பற்றி. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு ஒருவர். அவரிடம் பிறகு வருகிறேன்.

சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் போதகர் அவரைச் சிறுவயதிலேயே தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். அதே சுவார்ட்ஸிடம் பாடம் கேட்ட இன்னொரு பிள்ளைதான் பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி. அரண்மனையில் இசையும் நாடகமும் காலட்சேபமும் செழித்திருந்த ஊரில், லுத்தரன் சபையில் வளர்ந்த ஒரு கவிஞர் ஏறக்குறைய தொண்ணூறு வயது வரை வாழ்ந்து பாடிக் குவித்தார். சபைகள் அவரைச் 'சுவிசேடக் கவிராயர்' என்று கொண்டாடின.

அவர் 1800இல் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறவஞ்சியின் அமைப்பு உங்களில் பலருக்குத் தெரியும். தலைவன் வீதி உலா வருவான். பெண்கள் ஓடிவந்து பார்ப்பார்கள். அவர்களில் ஒருத்தி அவன்மேல் மையல் கொண்டு வாடுவாள். நிலவைப் பழிப்பாள், தோழியைத் தூது விடுவாள். அந்த நேரத்தில் கூடையும் மாத்திரைக்கோலுமாகக் குறத்தி வருவாள்; தன் மலையின் வளத்தைச் சொல்லி, கையைப் பார்த்துக் குறி சொல்வாள். பிறகு அவள் கணவன் சிங்கன் கண்ணியும் கையுமாக வருவான், பறவை பிடிப்பான், தன் சிங்கியைத் தேடுவான். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இந்த வகையில் தலையாயது. சரபோஜி மன்னர் மீதே ஒரு குறவஞ்சி பாடப்பட்டு, தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பட்டது.

இந்தச் சட்டகத்தை சாஸ்திரியார் அப்படியே எடுத்துக்கொண்டார். அவருடைய தலைவன் பெத்லகேம் நாதன். நாயகி தேவமோகினி, சீயோன் குமாரத்தி. குறி சொல்ல வருகிறவள் ஞானச்சிங்கி. அவள் விசுவாசத்தின் உருவம். ஞானச்சிங்கன் வைக்கும் கண்ணியும் வலையும் சுவிசேஷம். அதில் அகப்படும் பறவைகள் மனித ஆன்மாக்கள். இதற்கு நடுவே, சூரியனைக் கோள்கள் சுற்றுகின்றன என்ற புதிய வானசாஸ்திரத்தையும் உலக பூகோளத்தையும் பாட்டாக்கிச் சேர்த்திருக்கிறார். குறத்தி மலைவளம் பேசும் மரபு, அவர் கையில் பூமி முழுவதையும் பேசும் அளவுக்கு விரிந்துவிட்டது. அந்தத் துணிச்சலை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இவ்வளவு ஒற்றுமைக்குள்ளும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. குற்றாலத்து நாயகி ஒருத்தி, தனிப்பெண். அவள் தன் கண்ணால் தலைவனைப் பார்த்தாள். அவன் அந்த ஊரில் குடியிருக்கிறவன். திருவிழா தோறும் வீதிக்கு வருகிறவன். இன்று தவறினால் அடுத்த திருவிழாவில் பார்க்கலாம். இறைவன் மூர்த்தியாக இந்தத் தலத்தில் நிலைத்திருக்கிறான், கருவறைக்கு வர முடியாதவர்களுக்காக உற்சவ மூர்த்தியாக அவனே வெளியே வருகிறான் என்ற நம்பிக்கையில் எழுந்த காதல் அது. ஆண்டாள் கண்ட திருமணக் கனவும் ஒரு தனி உள்ளத்தின் கனவுதான்.

தேவமோகினி அப்படியல்ல. அவள் ஒரு தனிப்பெண் அல்ல, திருச்சபை முழுவதும் அவளே. அவளுடைய தலைவன் ஒருமுறை பிறந்தான், ஒருமுறை சிலுவையில் மரித்தான், உயிர்த்தான், மறுபடி வருவான். இடைப்பட்ட காலம் முழுவதும் அவள் காத்திருக்கிறாள். கிறிஸ்தவ நம்பிக்கையில் காலம் படைப்பில் தொடங்கி நியாயத்தீர்ப்பை நோக்கி ஒரே திசையில் போகிறது. ஞானச்சிங்கி சொல்லும் குறி, அந்தக் கடைசி நாளின் கல்யாணத்தைப் பற்றியது. விரகம் என்ற ஒரே உணர்ச்சியை எடுத்துக்கொண்டு, வேறொரு காலக்கணக்கில் வைத்துப் பாடியிருக்கிறார் சாஸ்திரியார்.

அவதாரக் கொள்கையிலும் இதே வேறுபாடுதான். தர்மம் குலையும்போதெல்லாம் திருமால் யுகந்தோறும் வருவார் என்று வைணவர்கள் நம்புகிறார்கள். மீனாக, ஆமையாக, மனிதனாக எத்தனை முறை வந்தாலும் அது அவருடைய லீலை. கிறிஸ்தவரோ, கடவுள் மனிதனானது ஒரேமுறை, அது போதும், திரும்ப நிகழ வேண்டியதில்லை என்கிறார். கிறிஸ்துவைப் பதினோராவது அவதாரமாகச் சேர்த்துக்கொள்ளலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சேர்த்தால் இரண்டு நம்பிக்கையும் தம் உயிரை இழந்துவிடும் என்பது என் கருத்து.

இன்னோர் உதாரணம். கிறிஸ்தவக் காலட்சேபக்காரர்கள் லூக்கா சுவிசேஷத்தில் வரும் கெட்ட குமாரன் கதையை விரும்பிச் சொல்வார்கள். கையில் சப்ளாக்கட்டை, பக்கத்தில் மிருதங்கம், பின்பாட்டு. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன மகன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பன்றிக்குப் போடும் தவிட்டுக்கும் ஏங்கி, வீட்டுக்குத் திரும்புகிறான். தூரத்தில் அவன் தலையைக் கண்டதும் தகப்பன் ஓடுகிறார். அந்த ஓட்டத்தில் தாளம் முடுகும். கேட்கிறவர்கள் கண் கலங்கும். சைவத்தில் இதற்கு இணையாக அப்பர் கதை இருக்கிறது. தமக்கை திலகவதியார் ஈசனிடம் முறையிட, சமண சமயத்துக்குப் போயிருந்த தம்பிக்குக் கொடிய சூலைநோய் வருகிறது. அவர் திருவதிகை வீரட்டானத்துக்கு வந்து பதிகம் பாட, நோய் தீர்கிறது. இரண்டும் திரும்பி வந்த பிள்ளையின் கதைதான். ஆனால் சிவன் நோய் கொடுத்து இழுத்து ஆட்கொள்கிறார். லூக்கா சொல்லும் கதையில் தகப்பன் காத்திருந்து, வந்தவனை ஓடித் தழுவுகிறார்.

இந்த வேறுபாட்டுக்கு அடியில் ஒரு தத்துவம் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் உயிர் கடவுளால் படைக்கப்பட்டதன்று. இறைவனைப் போலவே அதுவும் அநாதி. மலம் என்னும் மாசு அதைப் பிணித்திருக்கிறது. பிறவி பிறவியாக வினை கழிந்து மலம் பக்குவப்படும்போது அருள் பதிகிறது. ஆக, சூலைநோய் தண்டனையன்று, வைத்தியம். கிறிஸ்தவத்தில் உயிர் கடவுள் படைத்தது. பாவம் என்பது தகப்பனோடு அறுந்துபோன உறவு. மீள ஒரே வாழ்க்கைதான் உண்டு. ஆகையால்தான் கீர்த்தனைகளில் 'இப்போதே வா' என்ற அவசரம் ஒலிக்கிறது. தேவாரத்தில் கேட்பது, பல பிறவி அலைந்தவனின் களைப்பும் ஆறுதலும்.

பாடும் முறைக்கு வருவோம். சிவாலயத்தில் தீபாராதனை ஆனபிறகு ஓதுவார் சந்நிதிக்கு ஒருபுறமாக நின்று, திருச்சிற்றம்பலம் சொல்லிப் பதிகத்தைத் தொடங்குவார், திருச்சிற்றம்பலம் சொல்லியே முடிப்பார். அடியார்கள் கைகூப்பிக் கேட்பார்கள். பாட்டு இறைவனுக்குச் செய்யும் உபசாரங்களில் ஒன்று. பஜனை மடத்தில் எல்லோரும் பாடுவார்கள் என்றாலும், கருவறை முன் ஓதுவார் குரல்தான். சபையிலோ பாடுவது எல்லோருக்கும் கடமை. பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கீர்த்தனைக்கு மேலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும்: ஆனந்தபைரவி - ஆதி; செஞ்சுருட்டி - சாப்பு. ராகத்தின் பெயரே தெரியாத பாட்டியம்மா அந்த ஆனந்தபைரவியைப் பிசகில்லாமல் பாடுவார். படித்தவரும் பனையேறுகிறவரும் பல்லவியை ஒரே மூச்சில் திருப்பிப் பாடும்போது எழும் கனம், எந்தக் கச்சேரி மேடையிலும் கிடைக்காது.

மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலைகளைவிட இந்தக் கீர்த்தனைகள் கலையில் உயர்ந்தவை என்று தயங்காமல் சொல்வேன். பாமாலையில் மெட்டு முன்பே முடிவாகிவிட்டது; சொல் அதற்குள் அடங்க வேண்டும். குறில் நீண்டுபோகும், நெடில் வெட்டுப்படும். கீர்த்தனையில் சொல்லும் ராகமும் சேர்ந்தே பிறக்கின்றன. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் இதை உணர்ந்துதான், சாஸ்திரியார் உயிரோடிருந்தபோதே, 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து சபை வழிபாட்டுக்கென்று அச்சிட்டார்.

சாதியைப் பற்றிப் பேசாமல் விட்டால் இந்த உரை நேர்மையாக இராது. தஞ்சைச் சபையில் திருவிருந்தின்போது சாதிக்கொரு வரிசை இருந்தது. அதை ஒழிக்க வேண்டும் என்று புதிதாக வந்த மிஷனரிகள் சொன்னபோது, சாஸ்திரியார் சாதி வழக்கத்தின் பக்கம் நின்றார். 1833இல் பிஷப் வில்சன் சபையில் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டார். அதையும் தஞ்சையில் பலர் ஏற்கவில்லை. பாட்டில் எல்லா ஆன்மாக்களையும் ஒரே வலையில் சேர்த்த கவிஞர், பந்தியில் பிரித்து உட்காரச் சொன்னார். இது பெரிய குறை. இதே மண்ணில் கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடினார். அதிலும், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த சிவனடியார் நந்தன் தில்லைக் கோயிலுக்குள் நுழைய நெருப்பில் இறங்க வேண்டியிருக்கிறது. நம்பிக்கைகளில் இவ்வளவு விலகிய இரண்டு சமயமும் இந்த ஒரு பிழையில் ஒத்துப்போனது நம் ஊரின் துயரம்.

முன்பு சொன்ன மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நண்பர், கத்தோலிக்கர். தம்முடைய 'சர்வசமய சமரசக் கீர்த்தனை'யில் எந்தச் சமயத்தவரும் கூசாமல் பாடும்படி, கடவுளைப் பொதுவாக வைத்துப் பாடினார். கர்நாடக சங்கீத மேடை அவர் பாட்டுகளை ஏற்றுக்கொண்டது. அவற்றின் கனிவை நான் மதிக்கிறேன். ஆனாலும் சாஸ்திரியாரின் பாட்டில் இருக்கும் முறுக்கு அவற்றில் இல்லை. இன்னாருடைய கடவுள், இன்ன ஊரில் பிறந்தவர், இன்னது செய்தவர் என்று பெயரும் ஊரும் சொல்லிப் பாடும்போதுதான் பக்திப் பாட்டுக்கு உடல் கிடைக்கிறது. தேவாரம் ஊர் ஊராகத் தலம் சொல்லிப் பாடியதும் அதனால்தான். வைணவராகப் பிறந்து 1858இல் கிறிஸ்தவரான கிருஷ்ண பிள்ளை, கம்பன் வழியில் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். ஆழ்வார்களைக் கேட்டுப் பழகிய செவியோடு தன் புதிய நம்பிக்கையை அவர் விட்டுக்கொடுக்காமல் பாடியதால்தான் அந்தக் காவியம் நிற்கிறது.

இன்று பல சபைகளில் கீபோர்டும் டிரம்ஸும் வந்து, கீர்த்தனைகள் ஆராதனையின் ஓரத்துக்குப் போய்விட்டன. பழைய மெட்டுகளைத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்கள். கதாகாலட்சேபம் செய்கிறவர்களோ மிகச் சிலர். கோயிலிலும் ஓதுவார் இல்லாத சந்நிதிகள் இருக்கின்றன.

நேயர்களே, உங்கள் ஊர் ஆலயத்தில் பழைய மெட்டில் கீர்த்தனை பாடத் தெரிந்த பெரியவர் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே உங்கள் கைபேசியில் அவர் பாட்டைப் பதிவுசெய்யுங்கள். ராகத்தின் பெயரையும், யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். இந்துக்கள் ஒருநாள் சபை வாசலில் நின்று ஒரு கீர்த்தனை முழுவதும் கேளுங்கள். கிறிஸ்தவர்கள் ஒருநாள் ஓதுவார் பதிகம் முடிக்கும்வரை கேளுங்கள்.