பூஞ்சணமும் சுண்ணாம்பும்



யாழ்ப்பாணத்திலே ஆண்டு முழுவதற்கும் உரிய மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள் பெய்துவிடுகின்றது. தை பிறந்ததும் அறையைத் துப்புரவு செய்ய எண்ணி அலுமாரியைச் சற்றே நகர்த்தினால், அதன் பின்புறச் சுவரிலே கருமையும் பசுமையுமாய்ப் பூஞ்சணம் படர்ந்திருக்கக் காண்கின்றோம்.

தெல்லிப்பழை மக்களுக்கு இத்தொல்லை இன்னொரு வழியாலும் வந்து சேர்ந்தது. 1990 ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தார்கள். 2009 ஆம் ஆண்டிலே போர் முடிந்த பின்னரே அவர்களுடைய காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்தோர் பலர் கண்டவை கூரையிழந்த சுவர்களே. இருபது மாரிக்கு மேல் நனைந்த ஒரு சுவரின் மீது புதுக் கூரை ஏற்றி, அது உலருமுன்னரே பளபளப்பான நிறத்தைப் பூசிவிட்டால், உள்ளே அடைபட்ட ஈரம் எங்கே போகும்? நிறத்தைக் கொப்பளிக்கச் செய்து, பூஞ்சணத்துக்கு உணவும் நீரும் ஊட்டும். அந்த அறையிலே தொய்வு உடைய முதியவரோ குழந்தையோ உறங்கினால் இரவெல்லாம் இருமலும் இழுப்புமாய்க் கழியும்.

பூஞ்சணம் அழுக்கன்று, உயிருள்ள பங்கசு. அதன் வித்திகள் கண்ணுக்குப் புலனாகாதவை; எந்த வீட்டுக் காற்றிலும் மிதப்பவை. அவற்றை முற்றாக ஒழித்தல் எவராலும் இயலாது. ஈரத்தை மறுப்பது ஒன்றே நம் கையிலுள்ளது. நனைந்த பொருளை 24 மணி முதல் 48 மணி நேரத்துள் உலர்த்திவிட்டால், பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது.

சுவரிலே வெண்ணிறமாய்ப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சணமென்று எண்ணிவிடாதீர்கள். நிலத்தடி ஈரம் சுவரில் ஏறி உலரும்போது உப்பும் பூப்பதுண்டு. அதன்மீது ஒரு துளி நீர் விடுங்கள். கரைந்து மறைந்தால் அஃது உப்பு. அதற்கு மருந்து தேவையில்லை, ஈரம் ஏறும் வழியை அடைத்தலே போதும்.

பூஞ்சணமே என்று தெரிந்தால், தும்புத்தடியை எடுத்து உலர்ந்தபடியே தட்டுவது பெருந்தவறு. வித்திகள் அறை முழுவதும் பறந்து, மூச்சோடு உள்ளே செல்லும். கதவு யன்னல்களைத் திறந்து, குழந்தைகளை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சுவரை முதலில் நனையுங்கள். பின்னர் சவர்க்கார நீர் கொண்டு தேய்த்துக் கழுவித் துணியால் ஒற்றியெடுங்கள். பெரும்பாலான இடங்களுக்கு இதுவே போதும். தேய்த்த துணியை வீட்டுக்குள் உதறலாகாது.

கறை போகாத சீமெந்துத் தரைக்கும் குளியலறை ஓட்டுக்கும் வெளிற்றும் திரவத்தை நாடுவோர் உளர். ஒரு பங்கு திரவத்துக்குப் பதினாறு பங்கு நீருக்குக் குறையாமற் சேர்த்தல் வேண்டும். இங்கேதான் உயிராபத்து இருக்கின்றது. ஒன்று நல்லதாயின் இரண்டு மேலும் நல்லது என்று கருதி, அதனுடன் வினாகிரியையோ மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ கலப்போர் உண்டு. அக்கணமே குளோரீன் வாயு எழும். 1915 ஆம் ஆண்டு ஏப்பிரல் 22 ஆம் நாள் பெல்சியத்தின் ஈப்பர் நகரருகே சேர்மனியப் படை போர்க்கருவியாய் ஏவிவிட்ட வாயு அதுவே. கதவடைத்த சிறு குளியலறையிலே அதனை நாமே நமக்கு ஏவிக்கொள்வானேன்? அமோனியா சேர்ந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு கலந்தாலும் நச்சுப் புகையே பிறக்கும். ஒரு மருந்தைப் பயன்படுத்தினால் நன்றாகக் கழுவிவிடுங்கள். அதன்மேல் இன்னொன்றை ஊற்றாதீர்கள். கழுவிய நீரைக் கிணற்றடியிலும் கொட்டாதீர்கள். நமது சுண்ணக்கல் நிலம் வெடிப்பும் துளையும் உள்ளது, மேலே கொட்டுவது கீழே ஊறும்.

இந்தச் சுண்ணக்கல்லே நமக்கு மருந்தும் தருகின்றது. அதைச் சூளையிற் சுட்டு, நீற்றி, நீராய்க் கரைத்துச் சுவருக்கு அடிக்கும் வழக்கம் வெறும் அழகுக்காக ஏற்பட்டதன்று. நீற்றிய சுண்ணாம்பு வலிய காரம். அக்காரத்திலே பூஞ்சணம் தழைப்பதில்லை. அதற்கு மேலாக, சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய பழைய கல்வீட்டுக்கு நெகிழிப் பூச்சு அடிப்பதை நான் விரும்புவதில்லை. அது வேர்க்கும் உடம்பிலே மழைச்சட்டையை மாட்டுவது போன்றது. ஏற்கெனவே அப்படி அடித்தாயிற்றென்றால், அதைச் சுரண்டி நீக்கிய பின்னரே சுண்ணாம்பு ஒட்டும். ஆனால் சுண்ணாம்பும் விளையாட்டுப் பொருளன்று. சுட்ட சுண்ணாம்பிலே நீர் பட்டவுடன் அது கொதித்துத் தெறிக்கும். கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. தெறித்துவிட்டால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவியபடி, தாமதியாது வைத்தியரிடம் செல்லல் வேண்டும். நீற்றும் வேலையைச் சிறுவர்களிடம் ஒப்படைக்கலாகாது.

மரப்பெட்டகத்துக்கும் கதவுக்கும் வெளிற்றும் திரவம் ஆகாது. ஈரச் சவர்க்காரத் துணியால் துடைத்துக் காற்றாட வையுங்கள். பூஞ்சணம் ஊறிய பஞ்சு மெத்தையையும் தலையணையையும் வெயிலிற் போட்டால் மணம் குறையலாம். பஞ்சுக்குள் ஊறியது போகாது. மனம் நோகினும் கழித்துவிடுவதே நலம். பத்துச் சதுர அடிக்கு மேற் படர்ந்த சுவரைத் தொய்வுடையவர் தொடவே வேண்டாம், வேறொருவர் செய்யட்டும்.

இவ்வளவும் செய்தும் ஓடு ஒழுகுமாயின், அடுத்த கார்த்திகையிலே அதே கறை அதே இடத்தில் வந்து நிற்கும். ஆகையால் சோளகக் காற்று வீசும் உலர்ந்த மாதங்களிலேயே கூரையேறி உடைந்த ஓட்டை மாற்றுங்கள்; பீலியிலே அடைத்த சருகை அகற்றுங்கள்; சுவரோரத்தில் நீர் தேங்காதபடி மண்ணைச் சரிவாக்குங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால், பின்னாலே காற்று நுழையும். அடுத்த தையிலே அதை நகர்த்தாமலே எட்டிப் பார்க்கவும் முடியும்.