அனுமதி மறுத்த கணினி



ஒரு காரியாலயத்திலே இருபது பேர் கணினியின் முன் அமர்ந்து வரைபடம் வரைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு வேண்டிய மென்பொருளோ விலை மிகுந்தது. இருபது பேருக்கும் தனித்தனியே அனுமதிப்பத்திரம் வாங்குதல் எளிதன்று. எனவே பத்து அனுமதிப்பத்திரங்களை வாங்கி, அவற்றை ஒரு கணினியிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். சேவையகம் என வழங்கும் அக்கணினி, நூலகத்திலே நூல்களை இரவல் கொடுப்பவரை ஒத்தது. வேலையைத் தொடங்குபவர் ஒன்றைக் கேட்டுப் பெறுகிறார், முடித்ததும் அது திரும்பிவிடுகிறது, அடுத்தவர் பெறுகிறார். இவ்வாறு இரவல் கொடுப்பதற்கென எழுந்தவற்றுள் பெரிதும் பரவியது, 1988ஆம் ஆண்டிலே வெளிவந்த ஃப்ளெக்ஸ்-எல்-எம் என்பதாகும். பின்னர் அது ஃப்ளெக்ஸ்நெட் என்னும் பெயரைப் பெற்றது. இரவல் கொடுப்பவர் வாய் திறவாது போனால் இருபது பேரும் கைகட்டி இருக்க வேண்டியதுதான். அத்தகைய ஒரு நாளைப் பற்றியே இன்று சொல்ல வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அறிந்த ஒரு காரியாலயத்திலே நிகழ்ந்தது இது. பெயர் வேண்டாம். அன்று பிற்பகல் மூன்று மணிக்குள் ஒரு பெரிய கட்டட வேலைக்கான கேள்விப்பத்திரத்தை வரைபடங்களோடு ஒப்படைத்தல் வேண்டும். முதல் நாள் இரவு மின்சாரம் தடைப்பட்டுச் சேவையகம் அணைந்து, மீண்டும் எழுந்திருந்தது. காலையிலே மென்பொருளைத் திறந்தவர் ஒவ்வொருவர் முன்பும், அனுமதி வழங்கும் கணினியோடு தொடர்புகொள்ள இயலவில்லை என்ற அறிவிப்புத் தோன்றியது. அதனருகே மைனஸ் 15 என்றோர் எண். அதன் வாலிலே 10060 என்று இன்னோர் எண்.

எண்களை எவரும் பார்க்கவில்லை, ஆளையே பார்த்தார்கள். முந்திய வாரந்தான் அங்கிருந்த ஓர் இளைஞர், வெளியார் புகாதபடி சேவையகத்துக்குத் தீச்சுவர் எனப்படும் காவலை அமைத்திருந்தார். “தம்பி, நீர் கட்டிய சுவர்தான் இத்தனைக்கும் காரணம். அதை இடித்துவிட்டு நீரும் வீட்டுக்குப் போம்” என்றார் பணிப்பாளர். “ஐயா, அந்தச் சுவரோடுதானே ஒரு வாரமாக எல்லாரும் வேலை செய்தார்கள்?” என்று கேட்டார் இளைஞர். நியாயமான கேள்வி. என்னை அழைத்தபோது மணி பத்தரை. அதற்குள் இரண்டு கணினிகளில் மென்பொருளையே அழித்து மறுபடி நிறுவத் தொடங்கியிருந்தார்கள். இப்படிப்பட்ட வேளைகளில் மனிதர் முதலிற் செய்வதும், பெரும்பாலும் பயனற்றுப் போவதும் இதுவே.

சேவையகத்தின் முன் அமர்ந்து சோதித்தோம். அனுமதி வழங்கும் வேலை செவ்வனே நடப்பதாக அது விடை கூறிற்று. பத்தில் ஒன்றேனும் இரவல் போகவில்லை. வீட்டினுள்ளே நின்று பார்ப்பவனுக்கு வாசற்கதவு வெளியே பூட்டப்பட்டிருப்பது தெரியாதல்லவா? ஆகவே வரைபவர் ஒருவரின் கணினிக்குச் சென்று அந்த வாலெண்ணைப் படித்தோம்.

விண்டோஸ் கணினிகளில் 10060 என்றால், கதவைத் தட்டினேன், குறித்த நேரம்வரை மறுமொழியே இல்லை என்பது பொருள். 10061 என்று வந்திருப்பின், அங்கே கணினி இருக்கிறது, ஆனால் அந்த வாயிலில் எவருமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதாகக் கொள்ளலாம். முன்னையது வந்தால் பெரும்பாலும் இடையிலுள்ள காவலையும், பின்னையது வந்தால் நின்றுபோன வேலையையும் ஆராய்தல் வேண்டும். 11001 என்று வந்தால் சேவையகத்தின் பெயரையே வலையமைப்புக் கண்டுகொள்ளவில்லை. நம் முன் இருந்தது 10060. ஆகவே பணிப்பாளர் சொன்னதிலும் உண்மை இருந்தது. இளைஞர் சொன்னதும் பொய்யன்று.

இரண்டும் எவ்வாறு பொருந்தும்? இரவல் கொடுப்பவர் ஒருவரல்லர், இருவர். முன்வாயிலில் இருப்பவர் பொதுக் கண்காணிப்பாளர். அவருடைய வாயிலுக்கு 27000 என்ற எண் வழக்கமாக இடப்படுகிறது. அவர் அனுமதி தருவதில்லை. மென்பொருளை விற்ற கொம்பனியின் காரியஸ்தர் எந்த வாயிலில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லி அனுப்புவார். அனுமதியைத் தருபவர் அந்தக் காரியஸ்தரே. அவருடைய வாயிலுக்கு எண் குறிக்கப்படாவிடின், சேவையகம் எழும்போதெல்லாம் வெறுமையாய்க் கிடக்கும் ஏதோ ஒரு வாயிலில் அவர் அமர்ந்துகொள்வார். இளைஞர் சுவர் அமைத்த நாளில் அவர் 49731இல் இருந்தார். பயன்பாட்டில் இருந்த இரு வாயில்களையும் கவனமாகப் பார்த்து, அவ்விரண்டையுமே திறந்துவிட்டார் இளைஞர். மின்சாரம் போய் வந்த இரவில் காரியஸ்தர் 50214க்கு இடம்மாறிவிட்டார். சேவையகத்தின் நாட்குறிப்புக் கோப்பிலே அது தெளிவாகப் பதிவாகியிருந்தது.

சுவரை இடிக்க வேண்டியிருக்கவில்லை. அனுமதிக் கோப்பிலே அந்தக் காரியஸ்தரின் பெயருள்ள வரியின் இறுதியில், போர்ட் என்று எழுதிச் சமன்குறியிட்டு 2080 என்று சேர்த்தோம். வேறெந்த வேலைக்கும் பயன்படாத எந்த எண்ணும் ஆகலாம். கோப்பை மறுபடி படிக்கும்படி ஏவினாற் போதாது. வாயிலெண் மாற்றம் அவ்வாறு நடைமுறைக்கு வராது. வேலையை முற்றாக நிறுத்தி, பழைய தொடர்புகள் கழியச் சில நிமிடம் பொறுத்து, மீண்டும் தொடங்குதல் வேண்டும். தீச்சுவரிலே 27000, 2080 ஆகிய இரண்டையும் திறந்தோம். கோப்பின் மற்றைய வரிகளிற் கைவைத்தல் ஆகாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். அவை கையொப்பம் பெற்றவை. எண்ணிக்கையையோ முடிவு நாளையோ மாற்றினால் கையொப்பம் செல்லாது என மைனஸ் 8 வந்து நிற்கும்.

பிற எண்கள் இத்துணை மருட்டுபவை அல்ல. மைனஸ் 4 வந்தால் எல்லா அனுமதியும் இரவல் போய்விட்டது. சாப்பிடப் போனவர் மென்பொருளை மூடாமற் போயிருக்கிறாரா என்று பாருங்கள். மைனஸ் 10 தவணை முடிந்ததைக் காட்டும். மைனஸ் 9 வந்தால் கணினியின் அடையாளம் பொருந்தவில்லை. வலையமைப்பு அட்டையை மாற்றியவர்கள் இதனை அறிவார்கள். மைனஸ் 88, கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பியதைக் கண்டுபிடித்ததாகும்.

பதினொன்றே முக்காலுக்கு முதல் வரைபடம் திரையிலே திறந்தது. இரண்டரை மணிக்குக் கேள்விப்பத்திரம் வாகனத்தில் ஏறிற்று. பணிப்பாளர் இளைஞரிடம் வருத்தம் தெரிவித்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் வாகனத்திலே வரைபடச் சுருள்களோடு அவரைத்தான் அனுப்பினார். போகுமுன் இளைஞர் இரு வாயில்களின் எண்களையும் ஒரு தாளிலே எழுதிச் சேவையகத்தின் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனார்.