பவானிபூரில் புதிய கட்டிடங்கள்: குடியிருப்போர் கூறுவது என்ன?

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள பவானிபூரில் பழைய வீடொன்று இடிபடப் போகிறது. அந்த மனையில் கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே அடுக்கு வீடுகள் என ஒரு பெருங்கட்டிடம் எழப் போகிறது என்ற செய்தி பரவினால் அத்தெருவில் வாழ்வோர் என்ன நினைக்கிறார்கள்? நகர அமைப்பு வல்லுநர்கள் இத்தகைய கட்டிடத்தைக் 'கலப்புப் பயன்பாட்டுக் கட்டிடம்' என்பர். குடியிருப்போர் எதிர்ப்புத் தெரிவித்தால், அவர்கள் முன்னேற்றத்தை விரும்பாதவர்கள் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று.

கலப்புப் பயன்பாடு பவானிபூருக்குப் புதிய சொல்லேயன்றிப் புதிய பொருளன்று. 1888-ஆம் ஆண்டில் கல்கத்தா நகராட்சியுடன் இணைக்கப்பட்ட புறநகர்ப் பகுதிகளுள் இதுவும் ஒன்று. வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் இங்கு வீடு கட்டிக் குடியேறினர். வங்காளிகளோடு குஜராத்தியரும் பஞ்சாபியரும் கலந்து வாழும் பேட்டையாக இது வளர்ந்தது. ஆசுதோஷ் முகர்ஜி சாலையில் கீழே கடையும் மேலே குடும்பமுமாக உள்ள கட்டிடங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. ஜதுபாபு பஜாரின் இரைச்சலை அருகில் குடியிருப்போர் ஒரு குறையாகவே கருதியதில்லை எனலாம். ஆகவே, கடையும் வீடும் ஒன்றாக இருப்பதன்று இங்கு எழும் ஆட்சேபம். கட்டிடம் எவ்வளவு பெரிது, அது யாருக்காக என்பவையே கேள்விகள்.

'குடியிருப்போர்' என்ற ஒரே சொல்லுக்குள் பல தரப்பினர் அடங்கியிருக்கின்றனர். வீட்டின் உரிமை பாட்டனாரிடமிருந்து இறங்கி, பங்காளிகள் பலரிடையே சிதறிக் கிடக்கும். வரும் வாடகை சொற்பம். அதைக் கொண்டு ஒழுகும் கூரையைச் செப்பனிட இயலாது. அவர்களுக்குக் கட்டிட ஒப்பந்தக்காரர் ஒரு விடிவாகத் தோன்றுகிறார். அதே வீட்டின் பின்கட்டில் நெடுங்காலமாகக் குடியிருப்பவருக்கோ, புதிய கட்டிடத்தில் தமக்கு ஒரு மூலை கிடைக்குமா என்பதே கவலை. 1997-ஆம் ஆண்டின் மேற்கு வங்காள வாடகைச் சட்டம் அவருக்கு ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது. எனினும், வீடு இடிந்தபின் மாற்றிடத்தில் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பது என்ற அச்சத்தை எந்தச் சட்டமும் போக்கிவிடாது. கீழ்க்கடைக்காரரின் நிலை இன்னும் கடினமானது. இரண்டு ஆண்டு ஒரு சந்துக்குள் கடை வைத்தவரின் வாடிக்கையாளர்கள் அதற்குள் வேறு கடைக்குப் பழகிவிடுவார்கள். அடுத்த வீட்டுக்காரருக்கோ வெளிச்சம், தண்ணீர், கார் நிறுத்தும் இடம், கடைக்கால் தோண்டும்போது சுவரில் விழும் விரிசல் ஆகியவை பற்றிய கவலை. தெருமுனையில் துணி தேய்ப்பவரையும் தேநீர் விற்பவரையும் குடியிருப்போர் பட்டியலில் எவரும் சேர்ப்பதே இல்லை.

பெரும் மாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளாத மக்களும் அல்லர் இவர்கள். நாட்டின் முதல் பாதாள ரயிலுக்கு 1972-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1984 அக்டோபர் 24-ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை 3.4 கிலோமீட்டர் தூரம் வண்டி ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் சாலையைத் திறந்து தோண்டியே சுரங்கம் அமைத்தனர். தூசியையும் நெரிசலையும் வியாபார நட்டத்தையும் இம்மக்கள் தாங்கினர். அது அனைவருக்குமான ரயில். 2003-இல் எல்ஜின் சாலையில் திறக்கப்பட்ட ஃபோரம் வணிக வளாகத்தைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியுமா என்பது வேறு விஷயம்.

அச்சத்திற்கும் காரணம் உண்டு. 2010 மார்ச்சில் பார்க் தெருவின் ஸ்டீபன் கோர்ட்டில் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கீழே உணவகங்கள், மேலே அலுவலகங்களும் வீடுகளும் கொண்ட பழைய கட்டிடம் அது. பல பயன்கள் கூடும் இடத்தில் வெளியேறும் வழி எத்தனை என்று ஒருவர் கேட்டால், அதைத் தடைக்கல் எனத் தள்ளிவிடுவது முறையாகாது.

2015-இல் எழுத்தாளர் அமித் சௌத்ரி, பவானிபூர் முதலிய பகுதிகளின் வீடுகளைக் காக்கக் கோரி ஓர் இயக்கம் தொடங்கினார். அமர்த்தியா சென் போன்றோர் ஆதரித்தனர். அரண்மனைகளுக்காக அன்று, நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்காக எழுந்த குரல் அது. சிவப்புச் சிமெண்டுத் தரை, பச்சை மரப்பட்டைச் சன்னல், நம் ஊர்த் திண்ணையை ஒத்த 'ரோயாக்' ஆகியவை அவ்வீடுகளின் அடையாளங்கள். கட்டிடம் எழுப்பும் உரிமையை உரிமையாளர் வேறிடத்திற்கு மாற்றி விற்க வழி செய்தால், வீடும் பிழைக்கும், அவருக்கும் ஈடு கிடைக்கும் என்பது அவ்வியக்கத்தின் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் சன்னலின் அழகைக் காண்பவர் தெருவில் போகிறவர். கூரை ஒழுகுவது உள்ளே இருப்பவர் தலைமீது. அந்த ஈட்டில் வாடகைக்காரருக்கும் பங்கு உண்டா என்பதைத் தெளிவாக்காமல் இத்திட்டம் வேரூன்றாது.

இவர்கள் அனைவரும் தம் கருத்தை எங்கே கூறுவது? 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டிடங்களுக்கு முன் அனுமதி தேவை என்றது. ஆயினும் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து கட்டிடத் திட்டங்களுக்கு விலக்கு அளித்தது. சிறு மனைகளில் எழும் கட்டிடங்களோ அந்த அளவையே எட்டுவதில்லை. இதற்கு மாறாக, 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடங்களை வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கே ஒதுக்கியுள்ளது. நடைபாதையில் கூடை வைப்பவருக்குச் சட்டம் தந்த இருக்கை, அந்த நடைபாதைக்கு எதிரே நாற்பதாண்டு வாழ்ந்தவருக்கு இல்லை.

இதே நகரில் 1919-இல் பேட்ரிக் கெடிஸ், பராபஜார் பகுதியைப் பற்றி அறிக்கை அளித்தார். அகன்ற சாலைக்காக எல்லாவற்றையும் இடிப்பதைவிட, நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கும் மருத்துவமே நகரத்திற்கு ஏற்றது என்பது அவர் கொள்கை. அதற்கு அவர் கைக்கொண்ட முறை தெருத்தெருவாக நடந்து பார்ப்பது.

வார்டு அளவில் அத்தகைய விசாரணை நடத்துவது பெரிய செலவன்று. வரைபடம் அனுமதிக்கப்படுவதற்கு முன்பே அதன் பிரதியை அந்த மனையின் வாயிலில் வைக்கலாம். பவானிபூரில் அந்த அறிவிப்பு வங்காளியில் மட்டுமன்றி இந்தியிலும் குஜராத்தியிலும் பஞ்சாபியிலும் இருத்தல் வேண்டும். கூட்டம் நடத்தும் நேரமும் கவனிக்கத்தக்கது. பகல் பதினொரு மணிக்கு அழைத்தால் உரிமையாளர் வருவார். கடைக்காரரும் வீட்டு வேலை செய்யும் பெண்களும் வர இயலாது.