நிரலில் இருந்தும் திரையில் வராதவை



கழிந்த காலத்தை எண்ணி இரங்குவது தமிழ்க் கவிதைக்குப் புதியதன்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் முதியவர் ஒருவர், மரக்கிளையினின்று மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளிக் காட்டிய தம் இளமையை நினைந்து இரங்குகிறார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வளர்ந்த தலைமுறைக்கு அத்தகைய மடுவாக அமைந்தது வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டி. அத்தலைமுறையினர் நிகழ்ச்சிகளுக்காக மட்டும் ஏங்குவதில்லை. எந்த நாளில், எந்த மணிக்கு எது வந்தது என்னும் நிரலுக்காகவே ஏங்குகின்றனர். அந்த ஏக்கமும் அதன் மறதியும் இவ்வுரையின் பொருள்.

என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. என்னும் மூன்று நிறுவனங்களே அந்நாட்டு மாலைப் பொழுதை ஆண்ட காலம் அது. 1953இல் நாடு தழுவிய இதழாகத் தொடங்கிய 'டி.வி. கைடு' வாரந்தோறும் வீடுகளுக்கு வந்தது. 1973ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்துச் சனிக்கிழமை இரவைப் பலர் இன்றும் மனப்பாடமாக ஒப்பிப்பர். சி.பி.எஸ். அலைவரிசையில் எட்டு மணிக்கு 'ஆல் இன் த ஃபேமிலி', அதன்பின் 'மாஷ்', 'மேரி டைலர் மூர்', 'பாப் நியூஹார்ட்', பத்து மணிக்குக் 'கேரல் பர்னெட்'. இவற்றை இன்று தனித்தனியே பார்த்துவிடலாம். ஆயின், அண்டை வீட்டாரும் அதே நொடியில் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வைத் தனியே வாங்க இயலாது.

நிரல் எவ்வளவு உறுதியாக இருந்ததோ, அவ்வளவுக்கு அதன் முறிவு மனத்தில் பதிந்தது. 1965 டிசம்பர் 9ஆம் நாள், வியாழக்கிழமை, வழக்கமான 'மன்ஸ்டர்ஸ்' தொடரை விலக்கிவிட்டுச் சார்லி பிரௌனின் கிறிஸ்துமஸ் சித்திரப் படத்தை ஒளிபரப்பினர். விலக்கப்பட்டதை எண்ணி வருந்தியோர் சிலரே இருந்திருப்பர். வந்ததோ ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்படும் வழக்கமாயிற்று.

எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை வேறொன்று. 1968 நவம்பர் 17 அன்று ஓக்லாண்ட் நகரில் நியூயார்க் ஜெட்ஸ் அணியும் ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணியும் மோதின. ஆட்டம் முடிய 65 நொடிகள் இருந்தபோது ஜெட்ஸ் 32க்கு 29 என முன்னணியில் இருந்தது. கிழக்குப் பகுதியில் மணி ஏழு அடித்தது. நிரலின்படி 'ஹைடி' என்னும் திரைப்படம் தொடங்க வேண்டும், தொடங்கியது. ஆட்டத்தைத் தொடருமாறு சொல்ல மேலதிகாரிகள் தொலைபேசியில் முயன்றும் இணைப்புக் கிட்டவில்லை. 'ஹைடி குறித்த நேரத்தில் வருமா?' என்றும், 'ஆட்டத்தை நிறுத்தாதீர்கள்' என்றும் கேட்டவர்களால் இணைப்பகமே திணறிக்கொண்டிருந்தது. ஆல்ப்ஸ் மலைச் சிறுமி திரையில் தோன்றிய பின்னர், ஆட்டக் கடிகாரத்தின் ஒன்பது நொடிகளுக்குள் ரெய்டர்ஸ் இருமுறை எல்லைக்கோட்டை எட்டி 43க்கு 32 என வென்றது. அம்முடிவு எழுத்தோட்டமாகத் திரையின் அடியில் ஊர்ந்தபோது, நடக்கவியலாத கிளாரா எழுந்து நடக்க முயலும் உருக்கமான காட்சி ஓடிக்கொண்டிருந்தது! ஆட்டம் பார்த்தோரும் படம் பார்த்தோரும் ஒருங்கே சினந்தனர். நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவித்தார்.

சிரிப்பிற்கு இடமில்லாத முறிவும் உண்டு. 1963 நவம்பர் 22 அன்று பிற்பகல் 1.40க்கு 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' என்ற பகல்நேரத் தொடரின் நடுவே வால்ட்டர் கிராங்கைட்டின் குரல் மட்டும் கேட்டது. படக்கருவி இன்னும் ஆயத்தமாகவில்லை. டல்லாஸ் நகரில் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்டார் என்பது செய்தி. அத்தொடர் நேரலையாக நடிக்கப்பட்டு வந்தமையால், நடிகர்கள் ஒன்றும் அறியாமல் தம் வசனங்களைப் பேசிக்கொண்டிருந்தனர். அடுத்த நான்கு நாட்கள் மூன்று நிறுவனங்களும் கேளிக்கையையும் விளம்பரத்தையும் முற்றாக நிறுத்தின.

முறிக்க வேண்டிய நிரலை முறிக்க மறுத்ததும் நிகழ்ந்தது. 1966 பிப்ரவரி 10 அன்று வியட்நாம் போர் குறித்துச் செனட் குழுவின்முன் ஜார்ஜ் கென்னன் கருத்துரைத்தபோது, சி.பி.எஸ். பழைய 'ஐ லவ் லூசி'யை மறுஒளிபரப்புச் செய்தது. செய்திப் பிரிவின் தலைவர் பிரெட் ஃபிரெண்ட்லி பதவி விலகினார். மறு ஆண்டில் வெளிவந்த தம் நூலுக்கு அவர், 'எங்கள் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்ட காரணங்களால்' என்று ஒளிபரப்பாளர் வழக்கமாகக் கூறும் சாக்கையே தலைப்பாக்கினார்.

அந்தச் சாக்கு எவ்வளவு கொடிதாக முடியும் என்பதை அறிய மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகருக்குச் செல்ல வேண்டும். ஏக்கப் பட்டியல்களில் இவ்வூர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அந்நகரின் டபிள்யூ.எல்.பி.டி. நிலையம் என்.பி.சி. நிகழ்ச்சிகளை வாங்கி ஒளிபரப்பியது. 1955இல் கறுப்பின மக்களின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் அந்நிறுவனத்தின் நிகழ்ச்சி ஒன்றில் தோன்றினார். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை முந்திய ஆண்டில் வென்றெடுத்தவர் அவர். ஜாக்சன் திரையில் அவர் முகம் வரவில்லை. 'வருந்துகிறோம், கம்பித் தடத்தில் கோளாறு' என்ற அட்டை வந்தது. தூரதர்சனின் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையை அறிந்தோர், அத்தகைய அட்டையின்முன் மக்கள் எவ்வளவு பொறுமையாக அமர்ந்திருப்பர் என்பதையும் அறிவர். ஜாக்சனில் கம்பித் தடம் நன்றாகவே இருந்தது.

அந்நிலையத்தின் ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்தோரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். அச்சிட்ட நிரலைப் பார்த்து அமர்ந்த அவர்களுக்கு, நிரலில் இருந்தது திரையில் வராதது தற்செயலன்று என்று புரிந்திருக்கும். ஆனால் புரிதல் வழக்குமன்றத்தில் சான்றாகாது. எனவே 1964 மார்ச் மாதத்தில் ஐக்கிய கிறிஸ்துத் திருச்சபையின் முயற்சியால் தன்னார்வலர் சிலர் ஒரு வாரம் முழுவதும் நிலையத்தின் ஒளிபரப்பை உற்றுநோக்கி, எது வந்தது, யார் தோன்றினர், யார் தோன்றவில்லை என்று மறைவாகக் குறிப்பெடுத்தனர். 'டி.வி. கைடு' அச்சிட்டது வரவேண்டிய நிரல். அவர்கள் எழுதியது வந்த நிரல். பழைய நிரல்களைப் போற்றிச் சேகரிப்போர் இந்த ஏட்டையும் அவற்றோடு வைத்துப் படிக்க வேண்டும்.

ஒளிபரப்பு ஆணையம் முதலில் அவர்கள் முறையீட்டைக் கேட்கவே மறுத்தது. பணநட்டமோ மின்னலைக் குறுக்கீடோ உற்றவர்க்கே வழக்காடும் உரிமை உண்டு. வெறுமனே பார்ப்பவர்க்கு இல்லை என்பது அதன் வழக்கம். 1966இல் நீதிபதி வாரன் பர்கர் பார்ப்பவர்க்கும் அவ்வுரிமை உண்டெனத் தீர்ப்பெழுதினார். 1969இல் அவரே எழுதிய மற்றொரு தீர்ப்பு, நிலையத்திற்கு வழங்கப்பட்ட உரிமத்தைச் செல்லாததாக்கியது. 1971இல் நிலையம் வேறொரு குழுவின் பொறுப்பிற்கு மாறியது. 1972இல் அதன் பொது மேலாளர் நாற்காலியில் கறுப்பினத்தவர் ஒருவர் அமர்ந்தார். மார்ஷலின் முகம் மறைக்கப்பட்டுப் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் அப்போது நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார்.