அச்சு வார்ப்புக்கு ஏற்ற உலோகம்

திருப்பூர்ப் பின்னலாடையைப் பற்றிப் பேசுவோர் நூலைப் பற்றிப் பேசுவார்கள். சாயத்தைப் பற்றியும் பேசுவார்கள். அந்த ஆடையில் உலோகமும் இருக்கிறது என்பது பெரும்பாலும் நம் நினைவுக்கு வருவதில்லை. குளிருக்கு அணியும் மேற்சட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்திலிருந்து இடைவரை ஒரு ஜிப்பு ஓடுகிறது. அதை ஏற்றவும் இறக்கவும் நாம் பற்றி இழுக்கும் சிறு துண்டைத் தையற்காரர்கள் 'ரன்னர்' என்பார்கள். எடை இரண்டு மூன்று கிராம் இருக்கும். அது எந்த உலோகத்தால் ஆனது, எத்தனையோ உலோகங்கள் இருக்க ஏன் அதைத் தேர்ந்தார்கள் என்ற ஒரு கேள்வியை மட்டும் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். உலோகங்களின் பண்புகள் என்று பாடநூலில் நாம் மனப்பாடம் செய்யும் பட்டியல் பொருள் பெறுவது இத்தகைய கேள்விகளிலேதான்.

ரன்னரைக் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். இரண்டு வாய்க்கால்கள் ஒன்றாகக் கூடுவது போன்ற வழி அதன் உள்ளே அமைந்திருக்கிறது. இரண்டு பக்கத்துப் பற்களும் அவ்வழியே நுழைந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. வழி மயிரிழை அகன்றால் பற்கள் கோக்கா. மயிரிழை குறுகினால் ரன்னர் நகராது. இவ்வளவு நுட்பமான பொருளை ஆயிரக்கணக்கில் ஒரே அளவாகச் செய்யவேண்டும். கோவைப் பவுண்டரிகளில் மணலில் அச்சமைத்து இரும்பை வார்ப்பதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அங்கே ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு மணல் அச்சு உடைந்துபோகும். ரன்னருக்கு அம்முறை உதவாது. உருக்கில் இரண்டு பாதிகளாக அச்சைக் கடைந்து, அதற்குள் உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு செலுத்தி, அது இறுகிய கணமே அச்சைத் திறந்து வார்ப்பை வெளியே தள்ளி, மறுபடியும் மூடிச் செலுத்துகிறார்கள். அச்சு வார்ப்பு என்றும் 'டை காஸ்டிங்' என்றும் சொல்வது இதைத்தான்.

இம்முறை பிறந்த இடம் அச்சுக்கூடம். 1838-இல் அமெரிக்காவில் டேவிட் புரூஸ் என்பவர் அச்செழுத்து வார்க்கும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். 1886-இல் வரி வரியாக எழுத்தை வார்த்துத் தரும் லைனோடைப் இயந்திரம் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வேலை தொடங்கியது. அந்த எழுத்துக்களின் உலோகம் ஈயம், ஆண்டிமனி, வெள்ளீயம் ஆகிய மூன்றின் கலவை. எளிதில் உருகும், அச்சை நன்றாக நிரப்பும், வேலை முடிந்ததும் மீண்டும் உருக்கிக்கொள்ளலாம். எழுத்துக்கு அதைவிடப் பொருத்தமான உலோகம் கிடையாது. ஈயத்தைப் பற்றிச் சொன்ன இந்த நற்சான்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அதே ஈயத்தின் மீது வழக்குத் தொடுக்கப்போகிறேன்.

ரன்னருக்கு வருவோம். இரும்பு வலிமையானதுதான். ஆனால் வார்ப்பிரும்பு உருகுவதற்கே 1,150 பாகைக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டை உருக்கு அச்சு நெடுநாள் தாங்காது. வார்த்தாலும் ஈரத் துணியில் துருவேறிக் கறை படியும். திருப்பூரில் இன்னொரு தடையும் உண்டு. தைத்து முடித்த ஆடைகளை, குறிப்பாகக் குழந்தைகளின் உடைகளை, ஊசி கண்டறியும் கருவியின் வழியே செலுத்திய பிறகே பெட்டியில் அடுக்குகிறார்கள். ஒடிந்த ஊசிமுனை துணியில் தங்கியிருந்தால், அது காந்தத்துக்கு வசப்படும் பொருளாதலால், கருவி ஒலி எழுப்பும். இரும்பு ரன்னர் ஒவ்வொன்றும் ஓர் ஊசி போல் ஒலி எழுப்பினால், உண்மையான ஊசியை எப்படிப் பிரித்தறிவது? ஆகவே காந்தம் பற்றாத உலோகமே வேண்டும். வலிமைப் பட்டியலில் இல்லாத இந்த ஒரு பண்பு இரும்பை வெளியேற்றிவிடுகிறது.

பித்தளையை வார்க்க ஏறக்குறைய 900 பாகைக்கும் மேல் சூடு வேண்டும். அச்சு விரைவில் வெடித்துவிடும். அலுமினியம் எடை குறைந்தது; தூய நிலையில் 660 பாகையில் உருகும்; சிலிக்கன் சேர்ந்தால் 600-க்கும் கீழே. பல வார்ப்புகளுக்கு அதுவே முதல் தேர்வு. ஆனால் உருகிய அலுமினியம் இரும்பைக் கரைக்கும் குணமுடையது. உலோகத்தை அச்சுக்குள் தள்ளும் பம்பை அதனுள் மூழ்கவைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கரண்டியால் மொண்டு ஊற்றவேண்டும். இரண்டு கிராம் துண்டுக்கு இது கட்டுபடியாகாது.

எஞ்சுவது துத்தநாகம். நாலு சதவிகிதம் அலுமினியம் சேர்ந்த துத்தநாகக் கலவை 385 பாகையை ஒட்டிய சூட்டிலேயே உருகிவிடுகிறது. பம்பு உருகிய உலோகத்திலேயே மூழ்கிக் கிடக்கலாம். ஒரே தள்ளலில் பல ரன்னர்களை வார்க்கலாம். அச்சும் நெடுநாள் உழைக்கும். ஜிப்பின் பற்களையே துணி நாடாவின் ஓரத்தில் நேராக வார்க்கும் இயந்திரங்களும் உண்டு. நானூறு பாகைச் சூடுள்ள உலோகம் துணியில் பட்டும் துணி கருகுவதில்லை. உலோகம் அவ்வளவு சிறு துளி. குளிர்ந்த உருக்கு அச்சு அதன் வெப்பத்தைக் கணத்தில் உறிஞ்சிக்கொள்கிறது. முதன்முறை கேட்பவர் நம்பமாட்டார். செயலில் காண்பது அதுதான்.

இந்தக் கலவைக்கு 'ஜமாக்' என்று பெயர். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகிய நான்கின் ஜெர்மானியப் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அமைத்த சொல். ஜெர்மன் மொழியில் செம்பு 'குப்ஃபர்'. அதனால்தான் கடைசியில் 'க்' வந்தது. 1929-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி துத்தநாகக் கம்பெனி இதை வெளியிட்டது. அலுமினியம் நாலு சதவிகிதம் இருப்பதால் கலவை வலிமை பெறுகிறது. உருகிய துத்தநாகம் இரும்புப் பானையை அரிப்பதும் தணிகிறது. அலுமினியத்தை ஐந்துக்கு உயர்த்தினால் இன்னும் நன்றாக ஓடும்; ஆனால் வார்ப்பு தட்டினால் உடையும். செம்பு ஒரு சதவிகிதம் சேர்த்தால் கடினம் கூடும். காலம் செல்லச் செல்ல நெகிழ்வு குறையும். மக்னீசியமோ நூறில் 0.04 பங்குதான். அந்தத் துளி எதற்கென்று அறிய, ஜமாக்குக்கு முன் நடந்ததைச் சொல்லவேண்டும்.

துத்தநாகத்தில் அலுமினியம் கலந்து வார்த்த பொருள்கள் அதற்கு முன்பும் இருந்தன. வார்த்த அன்று அழகாக இருந்தன. சில ஆண்டுகளில் வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில் அவை உப்பின, வளைந்தன, விரிசல் கண்டு பொடியாக உதிர்ந்தன. அக்காலத்து விளையாட்டு ரயில்களையும் கார்களையும் சேகரிப்பவர்கள் இதை 'துத்தநாக நோய்' என்றே அழைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த பிரிட்டிஷ் பொம்மைகளிலும் அந்நோய் காணப்படுகிறது. நோய்க்குக் காரணம் ஈயம், காட்மியம், வெள்ளீயம் ஆகியவற்றின் சிறு மாசு. உருகிய நிலையில் கலந்திருக்கும் ஈயம், துத்தநாகம் இறுகும்போது அதில் கரைந்து நிற்காமல் படிகமணிகளின் எல்லைகளில் ஒதுங்கிவிடுகிறது. சுவரில் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையில் உப்புச் சுண்ணாம்பு புகுந்தது போலத்தான். ஈரம் அந்த எல்லை வழியே உள்ளே அரித்துச் செல்லும். செங்கல் கெடவில்லை, சுவர் விழுகிறது. மக்னீசியத் துளி இந்த அரிப்பை ஓரளவு தடுக்கும். ஆனால் மாசு மிகுந்தால் அதனாலும் ஆகாது.

மருந்து ஒன்றே ஒன்று: நூறில் 99.99 பங்கு தூய்மையான துத்தநாகத்திலிருந்து தொடங்குவது. துத்தநாகம் 907 பாகையில் ஆவியாகும்; ஈயம் ஆவியாக 1,700 பாகைக்கும் மேல் வேண்டும். இந்த வேறுபாட்டைக் கொண்டு துத்தநாகத்தை ஆவியாக்கிக் குளிர்வித்துத் தூய்மைப்படுத்தினார்கள். ஆவியாக்கித் துத்தநாகம் எடுக்கும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதன்று. ராஜஸ்தானத்தில் உதயபுரிக்கு அருகில் ஜாவர் என்னும் இடத்தில் மேலைநாட்டார் அறிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மண்குப்பிகளில் துத்தநாகத்தை வடித்தெடுத்தார்கள். பயன்பட்ட குப்பிகளை அடுக்கிக் கட்டிய சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

ஜமாக் வார்ப்பில் ஈயம் எவ்வளவு இருக்கலாம்? பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு. அதற்கு மேல் கூடாது. இந்த எண்ணையும் நினைவில் வையுங்கள்.

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னியாப்பொலிஸ் நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். காலணியோடு இலவசமாக வந்த கைச்சங்கிலியில் தொங்கிய இதய வடிவத் துண்டை அவன் விழுங்கியிருந்தான். சோதித்தபோது அதில் நூறில் 99 பங்கு ஈயம் இருந்தது. அது ஜிப்பு ரன்னர் அன்று. ஆனால் குழந்தையின் கைக்கெட்டும் மற்றொரு சிறு உலோகத் துண்டு என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான். கழுத்துக்கு அருகில் தொங்கும் ரன்னரைச் சப்பாத குழந்தை எது? 2008-இல் அந்நாடு குழந்தைகளுக்கான பொருள்களைப் பற்றிக் கடுமையான சட்டம் இயற்றியது. 2011 ஆகஸ்டு முதல், குழந்தை தொடக்கூடிய எந்தப் பகுதியிலும் ஈயம் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டலாகாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2016 ஜூன் முதல், குழந்தை வாயில் வைக்கக்கூடிய பொருள்களுக்குப் பத்து லட்சத்தில் ஐந்நூறு பங்கு என்று பொதுவான எல்லை வகுத்தது. திருப்பூரிலிருந்து ஆடை செல்லும் பெருஞ்சந்தைகள் இவை.

இப்போது எண்களை ஒப்பிடுங்கள். குழந்தையைக் காக்க எழுந்த சட்டம் நூறு என்கிறது. அதற்கு முன்பே, வார்ப்பு உதிராதிருக்க உலோக அறிஞர் வகுத்த எல்லை ஐம்பது. ரன்னர் கெடாதிருக்கும் உலோகத்தை நேர்மையாகத் தேர்ந்தவன், அறிந்தோ அறியாமலோ, குழந்தையையும் காத்துவிட்டான். எனக்கு இதில் பெருவியப்பு உண்டு.

ஆனால் நேர்மையாகத் தேர்வது என்பது எளிதன்று. புதுத் துத்தநாகத்தின் விலை அதிகம். பழைய உலோகம் மலிவு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கிலோ நல்ல ஜமாக் பானையில் உருகி நிற்கிறது. இரும்புத் தகட்டுக்கு நாகமுலாம் பூசும் வேலையில் பயன்படுகிற, நூறில் ஒரு பங்கு ஈயம் கொண்ட துத்தநாகம் ஒரு கிலோ அதில் விழுகிறது. பத்துக் கிராம் ஈயம் சேர்ந்தது. பத்து லட்சத்தில் ஏறத்தாழ நூறு பங்கு ஆகிவிட்டது. ஒரு கிலோ பித்தளைத் துருவல் விழுந்தால்? கடைசல் பித்தளையில் நூறில் மூன்று பங்கு வரை ஈயம் இருப்பதுண்டு, இப்போது முந்நூறு. பழைய மின்கருவிப் பற்றாசு நாற்பது கிராம் போதும், சட்டத்தின் எல்லையைத் தாண்ட. உருகிய உலோகத்தின் நிறத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. அன்று வார்த்த ரன்னர் பளபளப்பாகவே இருக்கும். நாசம் பின்னால், மழைக்காலத்தில், கப்பலின் வெப்பமான இரும்புப் பெட்டிக்குள், அல்லது ஒரு குழந்தையின் வாயில் வெளிப்படும்.

உலோகத்தின் மேற்பூச்சும் தேர்வில் சேரும். ரன்னர் பளபளக்க நிக்கல் முலாம் பூசுவது வழக்கம். நிக்கல் பட்டால் சிலருடைய தோல் தடித்து அரிக்கும். ஆகவே ஐரோப்பா 1994-இல் ஓர் ஒழுங்குவிதி வகுத்தது. தோலோடு நெடுநேரம் படும் பொத்தான், ஜிப்பு போன்றவற்றிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் அரை மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியலாகாது. சலவையும் ஒரு சோதனைதான். துத்தநாகத்தின் மீது அமிலம் ஊற்றினாலும் காரம் ஊற்றினாலும் ஹைட்ரஜன் குமிழியிடுவதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். தைத்த பின் காரநீரில் வெளுத்துச் சாயமிடும் ஆடைகளில் அதே குமிழி ரன்னரிலும் எழக்கூடும். அத்தகைய ஆடைக்குப் பிளாஸ்டிக் ஜிப்பே நலம்.

வேறொரு வார்ப்பையும் சொன்னால் ஒப்புநோக்க உதவும். 1937-இல் கோவையில் ஜி. டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியில் மின்மோட்டார் உருவானது முதல் அவ்வூர் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்பெற்றது. மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரில் உருக்குத் தகடுகளின் இடுக்குகளில் அலுமினியத்தை அழுத்தி வார்க்கிறார்கள். வலிமை வேண்டுமென்று சிலிக்கன் சேர்ந்த அலுமினியத்தை அங்கே வார்த்தால் மின்சாரம் கடத்தும் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு, மோட்டார் சூடேறும். எனவே அங்கே மெல்லிய, தூய அலுமினியத்தையே தேர்கிறார்கள். வலிமைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் அதைக் கடைசியில்தான் வைத்திருப்பார்.

நல்ல வார்ப்புச்சாலையில் ஒவ்வொரு பானையிலிருந்தும் நாணயம் போன்ற ஒரு வில்லையை முதலில் ஊற்றி எடுக்கிறார்கள். அதன்மேல் மின்பொறி பாய்ச்சி, எழும் ஒளியைப் பகுத்துப் பார்க்கும் கருவி, ஒரு நிமிடத்துக்குள் எந்தத் தனிமம் எவ்வளவு என்று எண்களைத் தந்துவிடும். ஈயத்துக்கு நேரே உள்ள எண் மிகுந்திருந்தால் அந்தப் பானையிலேயே அதைத் திருத்த வழியில்லை. சாதாரண உலையில் துத்தநாகத்திலிருந்து அந்தச் சிறு ஈயத்தைப் பிரிக்க முடியாது; தூய உலோகத்தை மேலும் மேலும் கொட்டி நீர்க்கச் செய்யலாம், அல்லது மறுபடி ஆவியாக்கி வடிக்கும் ஆலைக்கு அனுப்பலாம். ஆடைக் கம்பெனிக்காரர் ஜிப்பு வாங்கும்போது நிறமும் விலையும் கேட்ட பிறகு, அந்த வில்லையின் எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.