பொருளாளர் வாங்கிய கிரிக்கெட் டீம்

(திருநீர்மலையில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிரிக்கெட் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்குது. சிரிங்க. ஐபிஎல் வந்துட்டா ரிமோட் நம்ம கைக்கு வராது, தெரிஞ்ச கதைதான். ஆனால் அந்த மஞ்சள் சட்டை டீமுக்குப் பின்னால் நம்ம குழுவுக்குத் தேவையான ஒரு கணக்கு இருக்கு.

வீடு கட்டினவங்க சங்கர் சிமெண்ட் மூட்டையைப் பார்த்திருப்பீங்க. அதைத் தயாரித்த இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தை அப்போது நடத்தியவர் என். ஸ்ரீனிவாசன். 2008 ஜனவரியில் அந்த நிறுவனம் சென்னை டீமை 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 360 கோடி ரூபாய். மொத்தமாகக் கட்டவில்லை, 10 வருஷத் தவணை. (தவணை நமக்கு மட்டும்னு நினைச்சோம்!) டிவி உரிமையில் பங்கு, டிக்கெட், சட்டையில் போடும் விளம்பரம் என்று வருமானம் வந்தது. பணம் இருக்கிறவர் தொழில் செய்கிறார், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் வேறு இடத்தில். டீம் வாங்கிய அன்று அவர் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். வாரியம் நடத்தும் போட்டியில் நிர்வாகிகளுக்கு வியாபாரத் தொடர்பு கூடாது என்று விதி இருந்தது. அதே 2008 செப்டம்பரில், ஐபிஎல்லுக்கு அது பொருந்தாது என்று வாரியம் விதியைத் திருத்தியது. அவர் செயலாளர் ஆனார், 2011-இல் தலைவரும் ஆனார்.

2013-இல் பந்தய வழக்கில் அவருடைய மருமகன் கைதானார். விசாரிக்க வாரியமே ஒரு கமிட்டி போட்டது. அது செல்லாது என்றது மும்பை உயர் நீதிமன்றம். 2015 ஜனவரி 22-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதித் திருத்தத்தையே ரத்து செய்தது. ஸ்ரீனிவாசன் எதையும் மூடி மறைத்தார் என்பது நிரூபணமாகவில்லை என்றும் நீதிமன்றம் சொன்னது, அதையும் நாம் சொல்லத்தான் வேணும். ஆனாலும் 2016, 2017 இரண்டு வருஷமும் டீம் ஆட முடியவில்லை. தப்பே செய்யாத ஆட்டக்காரர்களும் வேறு டீம்களுக்குப் போக வேண்டி வந்தது.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். நம்ம குழு ஒன்றில் ஊக்குநரின் மருமகளுக்கு 30,000 ரூபாய் உள்கடன் கொடுத்தோம். தீர்மானம் எழுதியதும் ஊக்குநர், கையெழுத்துப் போட்டதும் அவர், தவணை தவறினால் கேட்க வேண்டியவரும் அவரே. மூணு தவணை போச்சு. ஒருத்தரும் வாய் திறக்கலை. அந்த அக்கா கெட்டவங்க இல்லை, கடைசியில் பணமும் வந்தது. ஆனால் அந்த மூணு மாசம் வேற யார் தவணை தவறினாலும் அதட்டிக் கேட்க நமக்குத் தைரியம் வரலை.

இப்போது கூட்டமைப்பு விதியைத் திருத்தச் சொல்லி ஒரு தீர்மானம் வந்திருக்கு. கடன் கமிட்டியில் இருப்பவர் தன் கடன் மனு வரும்போதும் அங்கேயே உட்காரலாம் என்கிறது அது. கடன் வாங்க அவங்களுக்கும் உரிமை உண்டு, நாங்க தடுக்கலை. தன் மனுவோ, தன் வீட்டார் மனுவோ வந்தால் எழுந்து வெளியே போகணும், அவ்வளவுதான் கேட்கிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. உங்க குழுவில் இதைப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, இரண்டு பேரை அனுப்புங்க.